ஆறு பிள்ளைகள், பத்துப் பெரியவர்கள்

சோங்சிங் நகரில் ஒருவர் வீட்டுக்குப் போவதென்றால் எத்தனையாவது மாடி என்று கேட்டால் மட்டும் போதாது; எந்தத் தெருவிலிருந்து எண்ணுவது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கூடும் இடத்தில், இரண்டு ஆறுகளுக்கும் நடுவே ஒடுங்கி நீளும் மணற்பாறைக் குன்றின்மேல் பழைய நகரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு தெருவுக்குத் தரைத்தளமாக இருப்பது அடுத்த தெருவுக்குப் பத்தாவது மாடி. அங்கே பாய்சியாங்ஜு என்ற குடியிருப்பு 24 மாடி உயரம். அதில் மின்தூக்கி கிடையாது. குன்றின் சரிவில் மூன்று வெவ்வேறு உயரங்களில் மூன்று தெருக்களுக்கு வாசல் வைத்துவிட்டதால், எந்த மாடிக்காரரும் முழு உயரமும் ஏற வேண்டியதில்லை.

கோடைதோறும் கனடாவிலிருந்து வந்துபோன ஒரு சிறுமியின் பாட்டி இருந்ததும் அப்படி ஒரு கட்டடம்தான், அதைவிடச் சிறியது. மேல் தெருவிலிருந்து ஒரு குறுகிய நடைபாலம் நேராக ஒன்பதாவது மாடிக்குப் போகும். அங்கிருந்து இரண்டு மாடி இறங்கினால் பாட்டி வீடு. வீட்டுக்குப் போக ஏறுவதற்குப் பதில் இறங்க வேண்டும் என்பது டொரண்டோவில் பிறந்து வளர்ந்த அவளுக்கும் அவள் தம்பிக்கும் தீராத வியப்பு. ஒவ்வொரு கோடையிலும் பாலத்தின் நடுவில் நின்று கீழே எட்டிப் பார்ப்பார்கள். அம்மா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பார்.

பெட்டிகளைத் தூக்கி வருபவர் ஒரு மூங்கில் கழியும் இரண்டு நைலான் கயிறுகளும் வைத்திருப்பார். பாங்பாங் என்று அழைக்கப்பட்ட இந்தச் சுமைகூலிகள் பெரும்பாலும் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். சக்கர வண்டி ஏற முடியாத படிக்கட்டு நகரத்தில் அரிசி மூட்டையிலிருந்து குளிர்பதனப் பெட்டிவரை அவர்கள் தோளில்தான் ஏறியது. மின்தூக்கியும் சாலையும் வீட்டு வாசலிலேயே பொருளைக் கொண்டுவந்து தரும் வியாபாரமும் வந்தபின் அவர்கள் அருகிவிட்டார்கள். 2000-களின் நடுவில் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். கனடாவிலிருந்து பரிசுப் பொருள்களோடு வந்த இரண்டு பெரிய பெட்டிகளைக் கழியின் இரு முனைகளில் தொங்கவிட்டுக்கொண்டு, வயதான ஒருவர் மூச்சு வாங்காமல் முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டே அவள் வெறுங்கையோடு நடப்பாள்.

கதவு திறந்தே இருக்கும். உள்ளே நிற்பவர்களை வரிசையாகக் கூப்பிட வேண்டும். அதுதான் முதல் தேர்வு. பாட்டி, பெரிய மாமா, பெரிய அத்தை, பெரியம்மா, பெரியப்பா, சின்ன மாமா, சின்ன அத்தை, சித்தி, சித்தப்பா. வயது வரிசை பிசகாமல், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, தெளிவாக. கூப்பிட்டு முடிந்தவுடன் அவர்கள் முறை. கறுத்துவிட்டாள், இளைத்துவிட்டாள், இல்லை பூசினாற்போல் இருக்கிறாள், இந்த உயரம் யாருக்கு வந்தது, அப்பா பக்கம்தான் என்று ஆளுக்கொரு தீர்ப்பு. பாட்டி தீர்ப்பெல்லாம் சொல்ல மாட்டார். “சாப்பிட்டியா?” என்பார். விமானத்தில் சாப்பிட்டதைச் சொன்னால், அதெல்லாம் சாப்பாடா என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போவார்.

வெயிலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சோங்சிங், வூஹான், நான்ஜிங் மூன்றையும் சீனர்கள் யாங்சிக் கரையின் அடுப்புகள் என்பார்கள். சோங்சிங்கைச் சுற்றிலும் மலைத்தொடர்கள். நடுவே இரண்டு ஆறுகளின் ஈரம். பகலில் பாறையும் கான்கிரீட்டும் குடித்த சூட்டை இரவில் கொண்டுபோகக் காற்று வராது. விடியற்காலையிலும் படுக்கை விரிப்பு நனைந்தே இருக்கும். மெத்தைமேல் மூங்கில் வில்லைகளைக் கோத்துச் செய்த பாயை விரிப்பார்கள். பகல் முழுக்க லாவோயின் என்ற செந்நிறத் தேநீரை ஆறவைத்து அண்டாவிலிருந்து மொண்டு குடிப்பார்கள். மதியத்துக்குப் பெரும்பாலும் ஆறிப்போன பச்சைப்பயறுக் கஞ்சி, ஊறுகாய், உப்பில் போட்ட வாத்து முட்டை. தலை சுற்றுகிறது என்று யாராவது வாய் திறந்தால் தீர்ந்தது: பெரியம்மா கைப்பையிலிருந்து விரல் நீளக் குப்பி ஒன்று வெளியே வரும். ஹுவோசியாங் என்ற மூலிகைச் சாறு, சாராய வாடையோடு. அந்தக் கசப்புக்குப் பயந்தே தம்பி எந்த வெயிலிலும் தனக்குத் தலை சுற்றவில்லை என்று சாதித்தான்.

2006-இன் கோடை அந்த ஊர்க்காரர்களுக்கே புதிது. ஆகஸ்ட் 15 அன்று நகராட்சிக்குட்பட்ட சீஜியாங்கில் 44.5 டிகிரி செல்சியஸ் பதிவானது. மழை பொய்த்து, மலைக் கிராமங்களில் லட்சக்கணக்கானவர்கள் குடிநீருக்கு அல்லாடினார்கள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பாட்டி வீட்டில் ஒரே ஒரு குளிர்சாதனம், அதுவும் ஒரே அறையில். மொத்தக் குடும்பமும் அந்த அறைக்குள் பாய் விரித்தது. பெரியவர்கள் சுவரோரம், பிள்ளைகள் நடுவில். ஒருவர் புரண்டால் அடுத்தவரும் புரள வேண்டும். டொரண்டோவில் தனி அறை, தனிக் கட்டில், கதவுக்குத் தாழ்ப்பாள் என்று வளர்ந்தவளுக்கு, இருட்டில் சித்தியும் அம்மாவும் கிசுகிசுவென்று நள்ளிரவு தாண்டிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவது அந்தக் கோடையில்தான் பழகியது. அம்மாவுக்கு இவ்வளவு பேச்சு வரும் என்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது.

மின்சாரம் போன மதியங்களில் அக்கம்பக்கத்தார் பாதாள அறைகளுக்குப் போவார்கள். 1937 நவம்பரில் சீன அரசு ஜப்பானியப் படைக்கு முன்னே பின்வாங்கித் தலைநகரை சோங்சிங்குக்கு மாற்றியது. 1938 முதல் 1943 வரை ஜப்பானிய விமானங்கள் நகரத்தின்மேல் குண்டு போட்டன. மக்கள் குன்றைக் குடைந்து ஒளிந்துகொண்டார்கள். அந்தப் போர்க்காலக் குகைகள் பல இன்று ஹாட்பாட் கடைகளாகவும் கிடங்குகளாகவும் இருக்கின்றன. கோடையில் சிலவற்றை நகராட்சி பொதுமக்கள் இளைப்பாறத் திறந்துவிடுகிறது. நாற்காலி, குடிநீர், தொலைக்காட்சி எல்லாம் உண்டு. வெளியே நாற்பது டிகிரி கொதிக்க, உள்ளே பாறை இயல்பாகவே குளிர்ந்து கிடக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

பாட்டி மட்டும் வர மாட்டார். எவ்வளவு வேர்த்தாலும் வர மாட்டார்.

1928-இல் பிறந்தவர். 1941 ஜூன் 5 இரவு ஷிபாத்தி பகுதியின் பெரிய சுரங்கத்தில் அளவுக்கு மீறிக் கூட்டம் அடைந்து, காற்றில்லாமல் மூச்சுத்திணறியும் மிதிபட்டும் மக்கள் செத்தார்கள். இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில் என்பதிலிருந்து ஆயிரக்கணக்கில் என்பதுவரை கணக்குகள் வேறுபடுகின்றன. பாட்டிக்கு அன்று பதின்மூன்று வயது. அவருடைய குடும்பம் வேறொரு சிறிய குகையில் இருந்தது, பிழைத்தது. மறுநாள் தெருவில் பார்த்ததை அவர் யாரிடமும் விவரித்ததில்லை. ஆண்டுதோறும் ஜூன் 5 அன்று நகரம் முழுவதும் சங்கு ஒலிக்கிறது. அப்போது பாட்டி சன்னல்களைச் சாத்திவிடுவார் என்று பெரியம்மா சொல்லித்தான் தெரியும். அவளும் அதே பதின்மூன்று வயதில் அந்தக் குளிர்ந்த குகைக்குள் பாசிப்பயறு ஐஸ் குச்சியைச் சப்பிக்கொண்டு சீட்டு விளையாடினாள். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குப் பல ஆண்டுகள் ஆயின.

சாயங்காலம் வட்ட மேசை. பாட்டி வீட்டு மேசை சின்னது. அதன்மேல் ஒரு பெரிய வட்டப் பலகையைத் தூக்கி வைத்து அகலமாக்குவார்கள். பெரியவர்கள் பத்துப் பேர். அப்பாவுக்கு டொரண்டோவில் வேலை, அதனால் பத்து. பிள்ளைகள் ஆறு. நீர்க்கீரைப் பொரியல், பூசணிக்காய்ச் சூப்பு, மிளகாய் குவிந்த கோழி, புளித்த கடுகுக்கீரையோடு மீன். எதையும் தானாக எடுத்துச் சாப்பிட விட மாட்டார்கள். கிண்ணம் காலியாகத் தெரிந்தால் யாருடைய சாப்பாட்டுக் குச்சியாவது நீளும்.

பத்துக்கு ஆறு என்ற கணக்கை அவள் அப்போது கவனிக்கவில்லை. பாட்டிக்குப் பிறந்தவர்கள் ஐந்து. அந்த ஐந்து பேருக்கும் சேர்த்து ஆறு பிள்ளைகள். அந்த ஆறாவதுகூடக் கனடாவில் பிறந்ததால்தான் இருந்தது.

அதுதான் அவள் தம்பி. வயது பத்து. அந்தக் குடியிருப்பிலேயே அவன் ஒரு அதிசயம். படிக்கட்டில் எதிர்ப்படும் ஆயாக்கள் அம்மாவை நிறுத்தி, “ரெண்டும் உன்னோடதா?” என்று கேட்டார்கள். அக்காவும் தம்பியும் டிவி ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டால், சித்தி மகள் வந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். தடுக்க மாட்டாள், சேர மாட்டாள், பார்ப்பாள். அவளுக்குப் பதினைந்து வயது. ஒரே அம்மாவுக்குப் பிறந்த இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்வதையும், பத்து நிமிடத்தில் ஒரே தட்டில் தர்பூசணி தின்பதையும் அவள் வகுப்பில்கூடக் கண்டதில்லை. அவள் வகுப்பில் இருந்தவர்களில் அநேகமாக எல்லோரும் தனிப்பிள்ளைகள்.

1980 செப்டம்பர் 25 அன்று சீனக் கம்யூனிஸ்ட் கட்சி தன் உறுப்பினர்களுக்கும் இளைஞர் அணியினருக்கும் ஒரு திறந்த மடல் விடுத்தது. ஒரு தம்பதிக்கு ஒரு பிள்ளை என்ற கொள்கை அதோடு நாடு முழுவதற்குமானது. பல மாகாணங்களில் கிராமத்தார்களுக்கு முதல் பிள்ளை பெண்ணாக இருந்தால் இரண்டாவது பெற்றுக்கொள்ள இடம் கொடுத்தார்கள். சிச்சுவானில் கிராமத்துக்கும் ஒன்றுதான். சோங்சிங் அப்போது சிச்சுவானின் பகுதி. 1997-இல்தான் அது தனி நகராட்சியானது. ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தப்ப வழியே இல்லை: வீடு ஆலையுடையது, மருத்துவமனை ஆலையுடையது, கருவுற்றிருக்கிறாளா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் அதிகாரியும் ஆலையின் ஆள்தான். ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று கையெழுத்திட்டவர்களுக்கு ஒரு சான்றிதழும் மாதம் சில யுவானும் கிடைத்தன.

பெரிய மாமாவின் கதை இப்படி. 1968 டிசம்பரில் மாவோ படித்த இளைஞர்களைக் கிராமத்துக்குப் போகச் சொன்னார். அந்த இயக்கத்தின் மொத்தக் காலத்தில் ஏறத்தாழ 1.7 கோடி நகரத்துப் பிள்ளைகள் போனார்கள். பெரிய மாமா பதினெட்டு, பத்தொன்பது வயதில் போனவர், இருபத்தெட்டில் திரும்பினார். திரும்பி வந்தவருக்கு வேலை இல்லை. தாத்தா தன் இடத்தை மகனுக்கு விட்டுக்கொடுத்து முன்கூட்டியே ஓய்வு பெற்றார். அன்றைய ஆலைகளில் அப்படி ஒரு முறை இருந்தது. வேலை கிடைத்துக் கல்யாணம் செய்துகொண்டபோது திறந்த மடல் வந்துவிட்டது. மகள் பிறந்தாள், முடிந்தது. ஐந்து பிள்ளைகளின் நடுவே வளர்ந்து, இரைச்சல் இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று சொல்லும் மனிதர் அவர்.

பெரியம்மாவின் கதையை அவராகவே சொன்னார், ஒரு மதியம், பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே. தம்பி தரையில் பொம்மைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். “இவனைப் போல எனக்கும் ஒருத்தன் இருந்திருப்பான். எண்பத்து மூணுல.” அவ்வளவுதான். அம்மா கத்தியைக் கீழே வைத்தார். பெரியம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. 1983 சீனா முழுவதும் அந்தக் கொள்கை மிகக் கடுமையாகச் செயல்பட்ட ஆண்டு. அந்த ஓராண்டில் மட்டும் 2 கோடிக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அந்த எண்ணை அவள் பின்னாளில் பல்கலைக்கழக நூலகத்தில் படித்தாள். படித்தவுடன் கண்முன் வந்தது பெரியம்மாவின் கை. கொள்கைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தடுக்கப்பட்ட பிறப்புகளைக் கோடிக்கணக்கில் கூட்டிக் காட்டுகிறார்கள். அந்தக் கூட்டலில் ஒவ்வொன்றும் ஒரு வட்ட மேசையில் காலியான இடம் என்பதை அந்தப் பக்கங்கள் சொல்வதில்லை.

அதே பெரியம்மாவை 1998-இல் அவர் வேலை பார்த்த ஆலை வீட்டுக்கு அனுப்பியது. நட்டத்தில் ஓடிய அரசு ஆலைகளைச் சீர்திருத்துகிறோம் என்று அந்தச் சில ஆண்டுகளில் நாடு முழுவதும் இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்களின் வேலையைப் பறித்தார்கள். நாற்பதைத் தாண்டிய பெண்கள் முதலில் போனார்கள். பெரியம்மா சோர்ந்து உட்காரவில்லை. தெருமுனையில் நான்கு முக்காலி போட்டு நூடுல்ஸ் கடை வைத்தார். சோங்சிங்கில் காலை உணவு என்றால் சியாவ்மியான். கிண்ணத்தில் முதலில் மசாலா: மிளகாய் எண்ணெய், நாக்கை மரக்கச் செய்யும் சிச்சுவான் மிளகுத் தூள், பூண்டு ஊறிய நீர், இஞ்சி ஊறிய நீர், சோயா, எள் விழுது, பன்றிக் கொழுப்பு, பொடியாக அரிந்த ஊறுகாய்க் கீரை. அதன்மேல் வெந்த நூடுல்ஸ், வேர்க்கடலைப் பொடி, வெங்காயத்தாள். கூடுதலாகக் குழைய வெந்த மஞ்சள் பட்டாணியும் கொத்துக்கறியும் கேட்கலாம். அளவை எடையில்தான் சொல்வார்கள்: இரண்டு லியாங் என்றால் நூறு கிராம், மூன்று என்றால் நூற்றைம்பது.

அவள் விடிகாலையில் எழுந்து கடைக்குப் போய்க் கிண்ணம் அடுக்கினாள். கூட்டம் நெரிக்கும்போது பெரியம்மா எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். யாருக்குக் காரம் குறைய, யாருக்குக் கீரை நிறைய, யாருக்குக் கொத்தமல்லி ஆகாது என்று எல்லாம் மனதில் இருக்கும். மிளகாய் எண்ணெயை மட்டும் யாரிடமும் விட மாட்டார். மூன்று வகை மிளகாய் வறுத்து, உரலில் இடித்து, எண்ணெயைச் சூடு தணித்துத் தணித்து மூன்று தடவை ஊற்ற வேண்டும். முதல் ஊற்றில் மணம், இரண்டாவதில் நிறம், மூன்றாவதில் காரம் என்பார். டொரண்டோக்காரப் பெண்ணுக்கு அதைச் செய்யக் கற்றுக்கொடுத்தார். சொந்த மகனுக்கு அந்த வேலையில் நாட்டமில்லை.

சாப்பாடு முடிந்த கையோடு மாஜோங் மேசை. சிச்சுவான் ஆட்டத்தில் 108 காய்கள்தான். காற்று, நாகம் எல்லாம் கிடையாது. மூன்று வகைக் காய்களில் ஒரு வகையை முழுக்கக் கழித்துவிட்டுத்தான் ஜெயிக்க முடியும். ஒருவர் ஜெயித்தால் ஆட்டம் நிற்காது. அவர் ஒதுங்கிக்கொள்ள, மற்ற மூவரும் தொடர்வார்கள், கடைசி ஒருவர் மிஞ்சும்வரை. பாட்டி மெதுவாகக் காய் எடுப்பார், வேகமாக ஜெயிப்பார். ஜெயித்த சில்லறை முழுவதும் மறுநாள் பிள்ளைகளுக்கு ஐஸ் ஜெல்லியாகத் திரும்பும். ஒரு செடியின் விதைகளைத் துணியில் கட்டித் தண்ணீரில் கசக்கி, சுண்ணாம்புத் தெளிவு சேர்த்து உறையவைக்கும் கண்ணாடி போன்ற ஜெல்லி அது. மேலே வெல்லப்பாகு.

நாற்பது டிகிரி வெயிலில் ஹாட்பாட் சாப்பிடும் ஊரைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் மலைப்பதுண்டு. சின்ன மாமா அதற்கென்றே எல்லோரையும் குகைக் கடை ஒன்றுக்கு அழைத்துப் போவார். மாட்டுக் கொழுப்பில் மிளகாய் மிதக்கும் சட்டியை ஒன்பது கட்டங்களாகத் தடுத்திருப்பார்கள். நடுக்கட்டம் தளதளவென்று கொதிக்கும். குடல் துண்டைப் பிடித்துப் பதினைந்து விநாடி முக்கி எடுக்க அது. ஓரக் கட்டங்களில் சூடு குறைவு. வாத்து ரத்தக் கட்டிகள் நிதானமாக வேக அவை. தொட்டுக்கொள்ள நல்லெண்ணெயில் நசுக்கிய பூண்டு. துறைமுகத்துப் படகோட்டிகளும் சுமைகூலிகளும் மற்றவர்கள் ஒதுக்கிய குடலையும் ரத்தத்தையும் வாங்கிக் காரத்தில் வேகவைத்துத் தின்றதில் பிறந்த சாப்பாடு இது என்பார்கள். சின்ன மாமா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, தன் மகனுக்கும் மருமகளுக்கும் ஒரே அளவு பரிமாறுவார். மருமகள் என்பது இவள். அந்த வீட்டில் ஆறு பேரும் ஒருவரையொருவர் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு வேறு அண்ணன் தம்பி வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சந்திர நாள்காட்டியின் ஏழாம் மாதப் பௌர்ணமியை ஒட்டி இறந்தவர்களுக்குக் காகிதப் பணம் எரிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். சோங்சிங்கில் பணத்தை வெறுமனே எரிக்க மாட்டார்கள். வெள்ளைத் தாளில் பொட்டலமாகக் கட்டி, தபால் உறையைப் போல முகவரி எழுதுவார்கள். நடுவில் பெற்றுக்கொள்பவர் பெயர், கீழே சிறிய எழுத்தில் அனுப்புகிற மகன், மகள், பேரன், பேத்தி பெயர்கள். யாருமற்ற ஆவிகளுக்கென்று ஒரு பொட்டலம் தனியாக உண்டு. இல்லாவிட்டால் நம்மவர்களுடையதைப் பிடுங்கிக்கொள்ளும். அந்த ஆண்டு பாட்டி பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துத் தூரிகைப் பேனா கொடுத்தார். தாத்தாவுக்கு, தாத்தாவின் அப்பாவுக்கு, பாட்டியின் அம்மாவுக்கு. பாட்டியின் தலைமுறையில் உடன்பிறந்தவர்கள் எட்டுப் பேர். அவர்கள் பெயரெல்லாம் அவருக்கு வரிசையாக வந்தது. சனிக்கிழமை சீன வகுப்பில் கற்ற எழுத்தோடு அவள் எழுதினாள். சித்தி மகள் பக்கத்தில் உட்கார்ந்து கோடுகளைத் திருத்தினாள். இரவு தெருவோரத்தில் இரும்புப் பீப்பாயைச் சுற்றி நின்று, பெயரைச் சத்தமாகப் படித்துப் படித்து ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டார்கள்.

நகரம் இதற்கிடையே ஓடிக்கொண்டே இருந்தது. லிஜிபாவில் பத்தொன்பது மாடிக் கட்டடத்தின் நடுவே புகுந்து போகும் ஒற்றைத் தண்டவாள ரயில் அவர்கள் சிறுவயதிலேயே வந்துவிட்டது. அங்கே அன்று படம் எடுக்க யாரும் நின்றதில்லை. இன்று கூட்டம் கூடுகிறது. சாவ்தியன்மென் முனையில், வெள்ளக் காலத்தில் செம்பழுப்பு யாங்சியும் பச்சை ஜியாலிங்கும் கலக்கும் இடத்துக்கு எதிரே, மோஷே சஃப்டி வடிவமைத்த எட்டுக் கோபுரங்கள் 2019-இல் திறக்கப்பட்டன. முப்பள்ளத்தாக்கு அணை 175 மீட்டர்வரை நிரம்பத் தொடங்கிய 2010 முதல், குளிர்காலத்தில் நகரத்துக் கரையிலும் நீர் ஏறி நிற்கிறது. கோடையில் வெள்ளத்துக்கு இடம்விட்டு 145 மீட்டருக்கு இறக்கிவிடுவதால், கோடைக்கு மட்டும் வந்துபோகிறவர்கள் பார்ப்பது பழைய ஆற்றையே.

பாட்டி 2015-இல் இறந்தார். சில மாதங்களில் அரசு ஒரு பிள்ளைக் கொள்கையைக் கைவிட்டது. 2016 ஜனவரி முதல் இரண்டு, 2021-இல் மூன்று. சித்தி மகளுக்கு 2017-இல் ஒரு மகன். இரண்டாவது பற்றி அவள் மாமியார் கேட்டபோது, தன் அப்பா அம்மா, கணவனின் அப்பா அம்மா என்று நான்கு முதியவர்களை இருவராகப் பார்த்துக்கொள்ள வேண்டிய கணக்கைச் சொன்னாளாம். அவளைப் போலக் கணக்குப் போட்டவர்கள் நிறைய. 2022-இல் சீனாவில் பிறந்த குழந்தைகள் 95.6 லட்சம்; இறந்தவர்கள் அதைவிட அதிகம். 1961-க்குப் பிறகு முதன்முறையாக நாட்டின் மக்கள்தொகை குறைந்தது. சித்தி மகளின் மகனுக்கு அம்மாவோடு பிறந்த மாமாவும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. அவனும் தனிப்பிள்ளையாகவே இருந்தால், அவனுடைய பிள்ளைகளுக்கு அப்பா வழியில் அப்படி முறை சொல்லிக் கூப்பிட ஒருவரும் இருக்க மாட்டார்கள். நூறு ஆண்டு போரும் பஞ்சமும் குலைக்காத சொந்தபந்தத்தின் பின்னல் ஒரே ஓர் ஆணையில் இவ்வளவு மெலிந்து போனது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. நினைத்தால் கோபம் வருகிறது, அந்தக் கோபம் நியாயமானது.

2022 ஆகஸ்ட் 18 அன்று பெய்பெய் பகுதியில் 45 டிகிரி. ஜியாலிங் ஆற்றின் படுகை பிளந்து கிடந்தது. மின்சாரம் போதாமல் பேரங்காடிகள் மாலை நான்கிலிருந்து ஒன்பதுவரை மட்டும் திறந்தன. அதன்பின் ஜின்யுன் மலையில் தீ. சோங்சிங் மோட்டார் சைக்கிள் ஆலைகளின் ஊர். செங்குத்துச் சரிவில் லாரி ஏறாத இடத்துக்கு இளைஞர்கள் தங்கள் பைக்குகளில் தண்ணீரும் தீயணைப்பான்களும் ஏற்றிப் போனார்கள். சின்ன மாமாவின் மகனும் போனார், முப்பத்தெட்டு வயதில், முதுகில் மூங்கில் கூடை கட்டிக்கொண்டு. டொரண்டோவில் அவளும் வான்கூவரில் தம்பியும் தூங்காமல் குடும்பத்து விசாட் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடையில் ஹுவோசியாங் இருந்தால் பெட்டியோடு வாங்கி அனுப்பு என்று பெரியம்மா யாருக்கோ கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 26-க்குள் தீ அணைந்தது.

ஏழாம் மாதப் பொட்டலங்களை இப்போது பெரிய மாமா பார்த்துக்கொள்கிறார். கண் மங்கிவிட்டதால் எழுதுவது பிள்ளைகள். பெயர் வரிசையை ஒரு பழைய ஆலைக் குறிப்பேட்டில் எழுதி, பக்கங்களைப் படமெடுத்துக் குழுவில் போட்டிருக்கிறார். யார் வாங்குவது, யார் கட்டுவது என்று ஆறு பேரும் பிரித்துக்கொண்டார்கள். அவளுக்கு வந்தது பாட்டியின் பொட்டலம். எழுதிப் பார்த்துப் படம் அனுப்பினாள். சித்தி மகள் வழக்கம்போல இரண்டு கோடுகளைத் திருத்தி அனுப்பினாள். அனுப்புகிறவர்கள் வரிசையில் தன் மகன் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டாள். மகளின் மகளுக்குப் பிறந்தவன், வேறு குடும்பப் பெயர்க்காரன், அந்த முறையில் எழுதும் வழக்கம் இல்லை என்று பெரியப்பா தயங்கினார். பெரிய மாமா குரல் செய்தி போட்டார்: “எழுது. எல்லார் பேரையும் எழுது. விட்டுவிட நம்மகிட்ட ஆள் இல்லை.”